தொகுப்பாக வந்த பந்துமூட்டுப் பொம்மையை நிற்க வைத்தல்: ஒரு செய்முறைப் பதிவு

கோக்கப்படாத தொகுப்பாக வந்த 43 செ.மீ. உயர ரெசின் பொம்மை ஒன்று, இப்போது எந்தத் தாங்கியும் இல்லாமல், மேசைமேல் வைத்த கண்ணாடித் தட்டில் இரு கால்களையும் ஊன்றி நிற்கிறது. ஒரு முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டாலும் விழுவதில்லை. இதற்குக் கயிற்றின் இறுக்கம்தான் முக்கியம் என்ற எண்ணத்தோடுதான் வேலையைத் தொடங்கினேன். முடித்த பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவது வேறு: மூட்டுப் பந்தும் அது அமரும் குழியும் எவ்வளவு சீராகத் தேய்க்கப்பட்டிருக்கின்றன, பாதத்தின் அடி எவ்வளவு சமமாக இருக்கிறது என்ற இரண்டுமே பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன, கயிறு அதற்குப் பிறகுதான் வருகிறது. இதே வேலையில் இறங்குபவர்களுக்குப் பயன்படும் என்பதால், செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

இவ்வகைப் பொம்மையின் உடல் பாலியுரேத்தேன் ரெசினில் வார்த்த, உள்ளே குடைவான துண்டுகளால் ஆனது. துண்டுகளை ஒட்டுவதில்லை, உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிற்றின் இழுவையே அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் 1999-இல் சூப்பர் டால்ஃபி வரிசையை வெளியிட்ட பிறகு இந்த அமைப்பு உலகெங்கும் பரவியது. அந்த நிறுவனம், வாங்குபவரே தேய்த்து, பொருத்தி, வண்ணம் பூசிக்கொள்ளும் ‘கராஜ் கிட்’ வார்ப்புருவங்களைச் செய்யும் துறையிலிருந்து வந்தது. தொகுப்பாக வரும் பொம்மையில் அந்தத் துறையின் வேலைமுறை அப்படியே தொடர்கிறது என்பதால், வார்ப்புருவங்களைத் தேய்த்துப் பழகியவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். மீதிப் பாதி, அதாவது அசையும் மூட்டுகள், முற்றிலும் வேறு வகையான கவனத்தைக் கேட்கிறது.

தொகுப்பில் 21 துண்டுகள் இருந்தன: தலையும் அதன் மூடியும், உடலுக்கு மார்பு, வயிறு, இடுப்பு என மூன்று, ஒவ்வொரு கைக்கும் மேற்கை, முழங்கை மூட்டு, முன்கை, கைத்தலம் என நான்கு, ஒவ்வொரு காலுக்கும் தொடை, முழங்கால் மூட்டு, கெண்டைக்கால், பாதம் என நான்கு. கயிறு, கொக்கி, கண், காந்தம் எதுவும் கிடையாது. முதல் வேலையாக எல்லாத் துண்டுகளையும் உடல் வடிவில் ஒரு துணியின்மேல் பரப்பி, வெளியே தெரியாத உட்பக்கத்தில் இடம், வலம் என்று பென்சிலால் குறித்தேன். முழங்கால் மூட்டுத் துண்டுகள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், தேய்த்த பிறகு ஒவ்வொன்றும் தன் குழிக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் இந்தக் குறியீடு கடைசிவரை தேவைப்பட்டது. அடுத்து வெர்னியர் காலிப்பரால் ஒவ்வொரு பந்தையும் வெவ்வேறு திசைகளில் அளந்து நோட்டில் எழுதினேன். முழங்காலின் மேற்பந்து ஒரு திசையில் 18.1 மி.மீ., குறுக்கே 17.6 மி.மீ. இருந்தது. அச்சின் இரு பாதிகள் மயிரிழை விலகிச் சேர்ந்திருந்ததால், சேர்ப்புக் கோட்டில் ஒரு சிறிய படியும் இருந்தது. அந்த அரை மில்லிமீட்டரின் முக்கியத்துவம் அப்போது எனக்குத் தெரியாது. எழுதி மட்டும் வைத்தேன்.

கழுவுவது எளிய வேலை. அச்சிலிருந்து துண்டு ஒட்டாமல் கழன்று வருவதற்காகத் தடவும் பூச்சு ரெசினின்மேல் தங்கியிருக்கும். அது இருக்கும்வரை பசையும் பிடிக்காது, வண்ணமும் பிடிக்காது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பழைய பல் துலக்கியால் விரலிடுக்கு, காதுமடல், குழிகளின் உட்புறம் எல்லாம் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருளாமல் பரப்பில் படர்ந்து நனைந்தால் பூச்சு போய்விட்டது என்று கொள்ளலாம்.

கழுவி உலர்த்திய பிறகு வளைந்த பாகங்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஒரு சுண்டுவிரல் உள்ளே மடங்கியிருந்தது. வயிற்றுத் துண்டின் விளிம்பு வட்டமாக இல்லாமல் சற்று நீள்வட்டமாக இருந்தது. பாலியுரேத்தேன் ரெசின் வெந்நீரில் இளகும். 75 டிகிரி செல்சியஸ் அளவுள்ள நீரில் சற்று நேரம் போட்டு, ரப்பர் கையுறையோடு எடுத்து, வேண்டிய வடிவத்துக்கு மெதுவாகத் திருப்பி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் அந்த வடிவம் நிலைத்துவிடுகிறது. விரல் ஒரே முறையில் நேரானது. வயிற்றின் விளிம்பு பிடித்த பிடியை விட்டதும் பழைய வடிவத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அதே விட்டமுள்ள கண்ணாடிக் குப்பி ஒன்றை உள்ளே செருகி, அதோடு சேர்த்துச் சூடாக்கி, அதோடு சேர்த்தே ஆறவிட்டபோதுதான் வட்டமாக நின்றது. இந்தத் திருத்தத்தைத் தேய்ப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். வளைந்த துண்டைத் தேய்த்துப் பொருத்திவிட்டுப் பிறகு நிமிர்த்தினால், பொருத்தம் முழுவதும் போய்விடும்.

வார்ப்பு வாயில் மிஞ்சியிருக்கும் தடித்த கட்டைகளை மெல்லிய பல் ரம்பத்தால், பரப்புக்கு 1 மி.மீ. மேலே நிறுத்தி அறுத்தேன். நிப்பரால் நறுக்கினால் ரெசின் பிய்ந்து குழி விழும் அபாயம் உண்டு. மீந்த 1 மில்லிமீட்டரை அரத்தால் ராவி, பிறகு சேர்ப்புக் கோடுகளுக்கு வந்தேன். கோட்டின்மேல் கருப்புப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்துவிட்டு, கத்தியின் முதுகால் சுரண்டி, அதன்பின் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் 320, 400, 600, 800, 1000 என்ற எண் வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் நுண்மையாகும்) தேய்க்க வேண்டும். பென்சில் கருமை எங்கே மறைகிறதோ அங்கே மேடு போய்விட்டது. எங்கே தங்கி நிற்கிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது. கண்ணால் மட்டும் பார்த்தால் இது தெரியாது, குறிப்பாக வெளிர்நிற ரெசினில். உப்புத்தாளை விரலால் நேரடியாக அழுத்தித் தேய்த்த இடங்களில், கெண்டைக்காலின் உருட்சியில் தட்டையான பட்டைகள் விழுந்தன. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தபோது அவை தெரிந்தன. மெல்லிய ஸ்பாஞ்சை உப்புத்தாளுக்குப் பின்னால் வைத்துத் தேய்த்தபோது உருட்சி மீண்டது. விரலிடுக்குகளுக்கு 3 மி.மீ. அகல உப்புத்தாள் துண்டுகளை மெல்லிய மூங்கில் குச்சியில் ஒட்டிப் பயன்படுத்தினேன். கைத்தலங்கள் இரண்டும் எடுத்துக்கொண்ட நேரம், மற்ற எல்லாத் துண்டுகளுக்கும் சேர்த்து ஆன நேரத்துக்குக் குறைவில்லை.

ரெசின் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. அதனால்தான் இந்த வேலை முழுவதும் நனைத்தே செய்யப்படுகிறது. உலர்வாக ராவ வேண்டிய கட்டங்களில், நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்திய முகமூடி அணிந்தேன். தேய்த்த நீரைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் ஒரு வாளியில் விட்டுவைத்தால், தூள் அடியில் படிந்துவிடும்; மேல்நீரை இறுத்துவிட்டு வண்டலைக் குப்பையில் போட்டுவிடலாம்.

கோடுகள் போனபின் ஊசித்துளைகள் வெளிப்பட்டன. வார்க்கும்போது சிக்கிய காற்றுக் குமிழிகள் பரப்புக்கு அடியிலேயே இருந்து, தேய்க்கும்போது வாய் திறக்கின்றன. எபாக்சி புட்டி வைத்து அடைத்துப் பார்த்தேன். நன்றாகப் பிடித்தது, ஆனால் தோல்நிற ரெசினில் சாம்பல் புள்ளியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதைத் தோண்டி எடுத்துவிட்டு, அதே ரெசினின் உலர்ந்த தூளைத் துளையில் நிரப்பி, அதன்மேல் சயனோ பசையை (சூப்பர் குளூ) ஊசிமுனையால் ஒரு துளி வைத்தேன். தூள் பசையை உறிஞ்சிச் சட்டென இறுகிவிடுகிறது, நிறமும் ஏறத்தாழ ஒத்துப்போகிறது. இப்படி அடைத்த இடத்தை இறுகியவுடனேயே தேய்த்துச் சமன்செய்துவிட வேண்டும். நாள் கடந்தால் அது சுற்றியுள்ள ரெசினைவிடக் கடினமாகி, உப்புத்தாள் சுற்றுப்புறத்தை மட்டும் தின்று, அடைத்த இடத்தை ஒரு முடிச்சாக விட்டுவிடும்.

இந்த இடத்தில் பலர் நேராக முகத்துக்கு வண்ணம் பூசப் போய்விடுகிறார்கள். நான் தற்காலிகமாக ஒருமுறை கோத்துப் பார்த்தேன். அது நல்ல முடிவாக இருந்தது, ஏனெனில் குறைகள் எல்லாம் அப்போதுதான் தெரிந்தன. கால்களுக்கு 3 மி.மீ., கைகளுக்கு 2 மி.மீ. எலாஸ்டிக். பொம்மை விறைப்பாக நேரே நின்றது. முழங்காலை மடக்கினால் பட்டென்று நிமிர்ந்து உதைத்தது. கயிற்றைக் குறைத்து இறுக்கினேன். உதை வலுத்தது, தலை பின்னால் சாய்ந்தது, கணுக்கால் விளிம்பு உரசி வெண்தூள் உதிர்ந்தது. தளர்த்தினேன். இப்போது உதைக்கவில்லை, ஆனால் தொடையிலிருந்து உடல் மடிந்து விழுந்தது. இறுக்கத்தில் எந்த அளவு வைத்தாலும் இரண்டில் ஒரு குறை நின்றது. ஆகவே குறை கயிற்றில் இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்து, மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தேன்.

பந்துக்கும் குழிக்கும் இடையே உண்மையில் எங்கே தொடர்பு இருக்கிறது என்று பார்க்க, மென்மையான 6பி பென்சிலின் கரித்தூளைப் பந்தின்மேல் விரலால் மெல்லத் தடவி, குழியில் அமர்த்தி, இருபுறமும் திருப்பி எடுத்தேன். குழி முழுவதும் சாம்பல் படர்ந்திருக்க வேண்டும். படிந்திருந்ததோ விளிம்பருகே எதிரெதிரான இரண்டு சிறு கீற்றுகள் மட்டும். அதாவது, நீள்வட்டமாக இருந்த பந்து தன் நீளமான திசையில் இரு புள்ளிகளில் மட்டுமே குழியைத் தொட்டுக்கொண்டிருந்தது. உடலின் எடையை அந்த இரண்டு கீற்றுகள் தாங்கும்போது, கயிறு எவ்வளவு இழுத்தாலும் மூட்டு அந்த இரு புள்ளிகளைச் சுற்றி வழுக்கத்தான் செய்யும். நோட்டில் எழுதியிருந்த 18.1-க்கும் 17.6-க்கும் பொருள் அப்போதுதான் விளங்கியது.

பந்தை வட்டமாக்குவது பொறுமைக்கான வேலை. 15 மி.மீ. அகலத்தில் உப்புத்தாளை நீளப் பட்டையாக வெட்டி, பந்தின்மேல் போட்டு, இரு முனைகளையும் மாறி மாறி இழுத்துத் தேய்த்தேன். சில இழுப்புகளுக்கு ஒருமுறை துண்டைச் சற்றுத் திருப்பி, நான்கு திசைகளிலும் அளந்து, அதிகமாக இருக்கும் திசையில் மட்டும் அடுத்த சுற்றைத் தேய்த்தேன். எல்லாத் திசைகளிலும் 17.5-க்கும் 17.6-க்கும் இடையில் வந்தபோது நிறுத்தினேன். அதற்குமேல் துல்லியம் தேடினால் பந்து சிறுத்துக்கொண்டே போகும்.

குழிகளுக்கு முதலில் எளிய வழி ஒன்று தோன்றியது: பந்தின்மேலேயே உப்புத்தாளை இருபக்கப் பசைநாடாவால் ஒட்டி, அதையே குழியில் வைத்துத் திருப்புவது. பந்துக்கு ஏற்ற வடிவத்தில் குழி கிடைக்கும் என்பது கணக்கு. ஆனால் உப்புத்தாளும் பசைநாடாவும் சேர்ந்து இருபுறமும் தடிமனைக் கூட்டுவதால், குழி அந்த அளவு பெரிதாகிவிடுகிறது. ஒரு முழங்கை மூட்டில் இதைச் செய்து, பந்து உள்ளே ஆடத் தொடங்கியதும் கைவிட்டேன். அதற்குப் பதிலாக 17 மி.மீ. விட்டமுள்ள மரமணி ஒன்றை உருண்டைக் குச்சியின் முனையில் ஒட்டி, உப்புத்தாளை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, இதழ்களைப்போல மணியின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒட்டினேன்; தட்டைத் தாளை முழுதாகக் கோளத்தின்மேல் சுற்றினால் மடிப்பு விழுந்து கோடு கிழிக்கும். இந்தக் கருவியைக் கையால் மட்டுமே திருப்ப வேண்டும். துளைப்பான் இயந்திரத்தில் மாட்டினால் சூட்டில் ரெசின் குழைந்து தாளை அடைத்துவிடும், நடுவமும் விலகும். 240-ஆம் எண்ணில் தொடங்கி 400-இல் முடித்தபோது குழி 18.5 மி.மீ. ஆகியிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் 0.45 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்பத்தான் குழிக்குள் மெல்லிய பதனிட்ட தோல் ஒட்டுகிறோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூட்டுப் பரப்புகளை 400-க்கு மேல் மெருகேற்றவில்லை. வெளியே தெரியும் உடற்பரப்பு 1000 வரை போகட்டும். மூட்டுக்குள் அந்த வழுவழுப்பு வேண்டாம், பிடிமானமே வேண்டும். கயிறு ஓடும் பள்ளங்களின் விளிம்புகளை மட்டும், 3 மி.மீ. கம்பியில் சுற்றிய உப்புத்தாளால் உருட்டி மழுக்கினேன். கூர்விளிம்பு கயிற்றின் நூலுறையை அறுக்கும். அதோடு, மடக்கும்போது கயிறு பள்ளத்தின் நடுவிலிருந்து பக்கவாட்டுக்கு ஏறிக்கொண்டால் முழங்கால் உதைக்கும்.

பாதங்களை நான் கடைசியில்தான் பார்த்தேன். முதலில் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியின்மேல் பாதத்தை வைத்து, சாதாரண எழுதுதாளின் ஓரத்தை அடியில் செருகிப் பார்த்தால் எங்கே இடைவெளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு பாதத்தில் குதிகாலுக்கு அடியில் தாள் தாராளமாகப் போய்வந்தது. நீளம் 50 மி.மீ. உள்ள பாதத்தில் குதிகால் 0.5 மி.மீ. தூக்கலாக இருந்தால், அந்தச் சாய்வு 43 செ.மீ. உயரத்தில் தலையை ஏறத்தாழ 4 மி.மீ. பின்னே தள்ளிவிடும். விக்கும் கண்ணும் பொருத்திய தலை கனமானது. அந்த 4 மி.மீ. போதும், பொம்மை மல்லாந்து விழ. கண்ணாடியில் 320-ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி, பாதத்தைச் செங்குத்தாகப் பிடித்து, எட்டு வடிவில் நகர்த்தித் தேய்த்தேன். சில நகர்த்தல்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, முன்பாதமும் குதிகாலும் ஒரே நேரத்தில் சொரசொரப்பாகத் தெரியும் கட்டத்தில் நிறுத்தினேன்.

தலையில் இரண்டு சிறு வேலைகள். கண்குழியின் உட்சுவரை 14 மி.மீ. கண்ணாடிக் கண் இடைவெளி தெரியாமல் அமரும்படி, அதே மரமணி முறையில் சிறிய மணி கொண்டு குடைந்தேன். தலைமூடிக்கு 5 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் காந்தங்களை எபாக்சி பசையால் ஒட்டினேன். ஒட்டுமுன் ஈர்க்கும் முகங்களில் மையால் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மூடிய தலைக்குள் சயனோ பசையைத் தவிர்த்தேன், அதன் ஆவி அருகிலுள்ள பரப்பில் வெண்படலமாகப் படியும்.

முகவண்ணத்துக்கு அடித்தளமாக மங்கல் பூச்சு தேவை. வழுவழுப்பான ரெசினில் பாஸ்டல் வண்ணக் குச்சியின் தூள் பிடிக்காது. பூச்சின் நுண்ணிய சொரசொரப்பில்தான் அது தங்கும். ஜிஎஸ்ஐ கிரியோஸ் நிறுவனத்தின் மிஸ்டர் சூப்பர் கிளியர் என்ற ஸ்ப்ரேயின் மங்கல் வகையில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி கட் பதிப்பைப் பயன்படுத்தினேன். ரெசின் வெளிச்சத்தில் நாளடைவில் மஞ்சளாகும். இந்தப் பூச்சு அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. இதன் கரைப்பான் ஆவி கடுமையானது. தூசி வடிகட்டி அதைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டிக் குப்பிகள் பொருத்திய முகமூடியோடு, திறந்த வெளியில் மட்டுமே அடிக்க வேண்டும்.

25 செ.மீ. தள்ளிப் பிடித்து, முகத்துக்கு வெளியே தொடங்கி முகத்தைக் கடந்து வெளியே முடியும்படி, மெல்லிய படலங்களாக அடித்தேன். ஈரப்பதமானியில் அளவு 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்போது மட்டும் அடிப்பது நல்லது. அதற்குமேல் இருந்த ஒரு நேரத்தில் அடித்த படலம் பால்போல வெளுத்து, முகத்தில் மூட்டம் படிந்தது. சுரண்டி எடுக்கத் தேவைப்படவில்லை. காற்று உலர்ந்திருந்த வேறொரு வேளையில் அதன்மேல் இன்னொரு மெல்லிய படலம் அடித்ததும், கரைப்பான் கீழ்ப்படலத்தை இளக்கி மூட்டத்தைத் தெளிவாக்கிவிட்டது.

பாஸ்டலில் எண்ணெய்ப் பாஸ்டல் உதவாது. சுண்ணத்தன்மையுள்ள மென்பாஸ்டல் குச்சியைக் கத்தியால் சுரண்டித் தூளாக்கிப் பயன்படுத்த வேண்டும். மென்மையான தூரிகையில் எடுத்து, முதலில் தாளில் தட்டி மிகுதியை உதிர்த்துவிட்டு, கன்னம், மூக்கின் நுனி, இமைமடிப்பு, மேலுதட்டுக்கு மேலான பள்ளம், மோவாய்க்கு அடி என்று வைத்தேன். கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த ஒரே தூளை எல்லா இடத்துக்கும் வெவ்வேறு அடர்த்தியில் பயன்படுத்தியபோதுதான் முகம் ஒன்றாக இணைந்து தெரிந்தது. இடத்துக்கு ஒரு நிறம் வைத்தபோது ஒப்பனைபோலத் தனித்து நின்றது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் ஒரு படலம் பூச்சு. இதனால் அடுத்த கட்டத்தில் எது பிசகினாலும், நனைந்த பஞ்சால் அந்தக் கட்டத்தை மட்டும் துடைத்தெடுக்கலாம். கீழே பூட்டப்பட்டது அசையாது.

புருவத்துக்குக் கூடுதல் கவனம் கொடுத்தேன். நீர்வண்ணப் பென்சிலால் மிக மங்கலாக எல்லை இட்டு, நீர்த்த அக்ரிலிக்கை 10/0 அளவுத் தூரிகையில் எடுத்து, ஒவ்வொரு மயிராக வேரிலிருந்து நுனிக்கு இழுக்க வேண்டும். மூக்கருகே மயிர்கள் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும்; நடுவில் சாய்ந்து, வாலில் படுத்துவிடும். வலக்கைக்காரரான எனக்கு எந்தப் பக்கம் கடினமோ அதை முதலில் வரைந்து, எளிய பக்கத்தை அதற்கு ஒப்பாக வரைவது பலன் தந்தது. முகத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் இரு புருவங்களின் உயர வேறுபாடு உடனே தெரியும். ஒரு புருவத்தை முழுவதும் அழிக்க வேண்டியிருந்தால், அடிப்பூச்சு வரை 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எடுக்கலாம். அசிட்டோனைத் தொடவே கூடாது. அது ரெசினின் பரப்பையே கெடுக்கக்கூடும்.

பூச்சு நன்றாகக் காய்ந்தபின் தோல் ஒட்டும் வேலை. 0.5 மி.மீ. தடிமனுள்ள மென்தோலை வளையமாக வெட்டி, குழியின் வளைவில் சுருக்கம் விழாமலிருக்க ஓரத்தில் ஆப்பு வடிவ வெட்டுகள் இட்டு, முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை ஆகியவற்றின் குழிகளில் ஒட்டினேன். வெள்ளைப் பசையே போதும். தேய்ந்தால் நனைத்து எடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம். 0.45 மி.மீ. இடைவெளியில் இந்தத் தோல் சற்று அழுந்தி அமர்ந்தது. கரித்தூள் சோதனையை மறுபடி செய்தபோது தோல் முழுவதும் சீராகச் சாம்பலானது. இதே தோலைத் தேய்க்காத மூட்டில் ஒட்டியிருந்தால், பந்தின் நீண்ட பக்கம் தோலை இரு இடங்களில் நசுக்கி, மற்ற இடங்களில் தொடாமலே விட்டிருக்கும்.

கோப்பதற்கான கொக்கிகளை 2 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் வட்டமூக்குக் குறடால் எஸ் வடிவில் வளைத்தேன். வெட்டிய முனைகளை அரத்தால் உருட்டாவிட்டால் அவை கயிற்றை அறுக்கும். கால்களுக்கான கயிறு ஒரே பெரிய வளையம். அதன் ஒரு முனை ஒரு தொடைக்குள்ளும் மறுமுனை மற்றத் தொடைக்குள்ளும் இறங்கி, கணுக்கால் கொக்கிகளில் மாட்டும். நடுப்பகுதி இடுப்பு, வயிறு, மார்பு வழியாக மேலேறித் தலைக்கொக்கியில் மாட்டும். கைகளுக்கான சிறிய வளையம் ஒரு மணிக்கட்டிலிருந்து மார்பைக் கடந்து மறு மணிக்கட்டுக்குப் போகும். இழுப்பதற்கு 0.8 மி.மீ. எஃகுக் கம்பியைக் கொண்டையூசி வடிவில் மடித்துக்கொண்டேன். கொக்கி மாட்டும் நேரத்தில் கயிற்றை வெளியே பிடித்துவைக்க, மருத்துவர்கள் பயன்படுத்தும் பூட்டுள்ள ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் தவிர வேறு எதுவும் இவ்வளவு நன்றாக உதவவில்லை. துண்டுக்கும் ஃபோர்செப்சுக்கும் இடையே மடித்த துணி ஒன்றை வைக்க வேண்டும். பிடி நழுவினால் கயிறு பாய்ந்து விளிம்பைச் சில்லாக்கிவிடும்.

முடிச்சை இருமுறை இட்டு, குறடால் இழுத்து இறுக்கி, நுனிகளைத் தீயில் காட்டி உருக்கினேன். முடிச்சில் பசை வைக்கவில்லை; பசை ஊறிய எலாஸ்டிக் விறைத்து அந்த இடத்திலேயே அறும். இந்தமுறை தேவைப்பட்ட இறுக்கம், தற்காலிகமாகக் கோத்தபோது வைத்த முதல் இறுக்கத்தைவிடக் குறைவு. தலையை இழுத்தால் கழுத்துக்கும் தலைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவு இளக்கம் இருக்கிறது. ஆனாலும் முழங்கால் மடக்கிய கோணத்தில் அப்படியே நிற்கிறது, உதை இல்லை.

செலவைப் பொறுத்தவரை, தொகுப்பின் விலையோடு அது முடிவதில்லை. முகமூடியும் அதன் குப்பிகளும், மங்கல் பூச்சும், கண்களும்தான் அதன்மேல் ஏறிய பெரிய செலவுகள். உப்புத்தாள், மரமணி, தோல், கயிறு எல்லாம் சேர்ந்தும் மிகச் சிறிய தொகையே. பொம்மையை நிற்க வைத்தவை இந்த மலிவான பொருட்கள்தான் என்பதால், பட்டியல் போடும்போது அவற்றைத் தாராளமாக வாங்கிவைக்கச் சொல்வேன். 240-ஆம் எண் உப்புத்தாள் பாதியிலேயே தீர்ந்துபோய் வேலை நின்றது.

அடுத்த தொகுப்பில் வரிசையை மாற்றப்போகிறேன். கழுவி, வளைவு திருத்தியவுடன் பாதத்தின் அடியைச் சமன்செய்து, பிறகு கணு, முழங்கால், இடுப்பு என்று கீழிருந்து மேலே மூட்டுகளைக் கரித்தூள் வைத்துப் பொருத்தி, அதன் பின்னரே சேர்ப்புக் கோடுகளுக்குப் போவேன். இந்தமுறை 1000 வரை மெருகேற்றிய தொடை விளிம்புகளை மூட்டு வேலையின்போது கீறிவிட்டு மறுபடி மெருகேற்ற வேண்டியிருந்தது. முழங்கை மூட்டுகளுக்கு 0.5 மி.மீ. தோல் தடிமன் அதிகம், முன்கை முழுவதும் மடங்குவதற்கு முன்பே முட்டுகிறது, அங்கே 0.3 மி.மீ. தோல் வைத்துப் பார்ப்பேன். கயிறு நாளடைவில் சற்றுத் தளரும் என்பதால், முடிச்சை இடுப்புக்குள் புதைக்காமல், வயிற்றுத் துண்டைச் சற்று இழுத்தாலே ஃபோர்செப்சின் முனை எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். அதை மட்டும் அடுத்ததிலும் அப்படியே வைத்துக்கொள்வேன்.